மணி அடிக்கறது நாய், ஓடி வர்றது நீங்க

நாய் வளக்கற வீடுகள்ல அடிக்கடி கேக்கற புலம்பல் ஒண்ணு இருக்கு. "இதுக்கு எல்லாம் புரியுதுங்க. பிஸ்கட் டப்பா மூடியைத் தொட்டாலே மூணு ரூம் தள்ளி இருந்து ஓடி வருது. ஆனா உச்சா வந்தா மட்டும் ஒரு சத்தம் குடுக்காது, நேரா சோஃபா பக்கத்துல போய் வேலையை முடிச்சுடும்." எதிர்ல இருக்கறவரும் உச்சுக்கொட்டிட்டு, "திமிரு சார், ரெண்டு போடுங்க, சரியாயிடும்"பார். எனக்கு எரிச்சல் வர்றது இங்கதான். நாய் சொல்லலன்னு எப்படிங்க முடிவு பண்ணீங்க? அது சொல்லி, நீங்க பாக்காம விட்டிருக்கலாமே? என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். வெளிய போகணும்னு சொல்ல நாய்க்குக் கத்துக்குடுக்கறதுங்கறது பாதிக்கு மேல நாய்க்கான பாடமே கிடையாது. வீட்டுல இருக்கற மனுஷங்களுக்கான பாடம். சொல்லணுங்கற எண்ணம் நாய்க்கு ஏற்கெனவே இருக்கு. அதை நம்ம காதுல விழற மாதிரி மாத்தித் தரணும், விழுந்தப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடந்துக்கணும். அவ்வளவுதான். (இந்த ரெண்டாவது விஷயம்தான் நமக்கு வராது. அதுக்கு அப்புறம் வரேன்.)

வெளிய போக வேண்டிய நாய் எப்படி நடந்துக்கும்னு கொஞ்சம் உத்துப் பாருங்க. விளையாடிட்டு இருந்த குட்டி பந்தை அப்படியே போட்டுட்டு நிக்கும். மூக்கு தரையோட ஒட்டிக்கும். ஒரே இடத்தை மோந்து மோந்து சின்னதா வட்டம் போடும். கொஞ்சம் வளந்த நாயா இருந்தா கதவுகிட்ட போகும், திரும்பி உங்களைப் பாக்கும், மறுபடி கதவைப் பாக்கும், மறுபடி உங்களை. இந்தப் பார்வை சும்மா வர்றது இல்ல. புடாபெஸ்ட்ல ஆடம் மிக்லோஷியும் அவர் குழுவும் 2000ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. தனக்கு எட்டாத இடத்துல சாப்பாட்டை ஒளிச்சு வெச்சதைப் பாத்த நாய், வீட்டுக்காரர் வந்ததும் அவர் முகத்தையும் ஒளிச்ச இடத்தையும் மாத்தி மாத்திப் பாத்து இடத்தைக் காட்டிக் குடுத்துச்சு. 2003ல அதே குழு ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. குட்டியில இருந்தே மனுஷங்க கையில வளந்த ஓநாய்கள்தான். தீக்கவே முடியாத ஒரு சிக்கலைக் குடுத்தப்போ நாய் சீக்கிரமே திரும்பி மனுஷன் மூஞ்சியைப் பாத்துது, ஓநாய் பெரும்பாலும் பாக்கல. 2018ல இங்கிலாந்து சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர் 37 நாய்ங்களோட வீட்டு வீடியோக்களை அலசி, நம்மகிட்ட எதையோ கேக்கறதுக்காக அதுங்க பண்ற 19 சைகைகளைப் பட்டியல் போட்டாங்க. அந்தச் சைகைகளால நாய் கேக்கறது மொத்தம் நாலு விஷயம். அதுல ஒண்ணு, "கதவைத் திற".

அப்போ பிரச்சனை எங்க? நாய் சொல்றது சத்தம் இல்லாத பாஷை. சென்னையில ஒரு மூணாவது மாடி ஃப்ளாட்டை எடுத்துக்கங்க. அடுப்படியில குக்கர் விசில், மிக்ஸி, ஹால்ல டிவி, ஒருத்தர் ஆபீஸ் மீட்டிங்ல, ஒருத்தர் மொபைல்ல. நாய் கதவைப் பாத்து, உங்களைப் பாத்து, திரும்பக் கதவைப் பாத்து, ஒரு நிமிஷம் காத்திருந்து, வேற வழியில்லாம போயிடும். தாத்தா காலத்து வீட்டுல இந்தத் தொல்லையே கிடையாது. நாய்க்கு வாசல்லயோ கொல்லைப்புறத்துலயோதான் வாசம், தோணினா எழுந்து போகும், யாரையும் கேக்க வேண்டாம். கதவு, தாழ்ப்பாள், லிஃப்ட், வாட்ச்மேன், எதிர்வீட்டு மாமின்னு அதுக்கும் மண்ணுக்கும் நடுவுல அஞ்சு தடை வெச்சது நாமதான். அத்தனையும் தாண்டறதுக்கு ஒரு மனுஷத் துணை வேணும், அந்த மனுஷன் எதையோ பாத்துட்டு இருக்கான். அதனால பார்வையைச் சத்தமா மாத்தணும். கதவுல ஒரு மணி கட்டறது அதுக்குத்தான். இதுல பெரிய தத்துவம் எதுவும் இல்ல.

மணின்னு சொன்னதும் ஆன்லைன்ல "நாய் மணி"ன்னு தேடி நூத்துக்கணக்குல செலவு பண்ணாதீங்க. கோயில் வாசல் கடையில நாலஞ்சு சலங்கையை வாங்கி ஒரு பட்டையான நாடாவுல கோத்தா போதும். கட்டறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு உயரம். நாய் சாதாரணமா நிக்கும்போது மூக்கு எங்க இருக்கோ, நாடாவோட கீழ் நுனி அங்க வரணும். பக்குக்கு ஒரு உயரம், லேபுக்கு ஒரு உயரம். ரெண்டாவது, அந்தச் சத்தம் வீட்டுல வேற எதுக்கும் வரக் கூடாது. பூஜை ரூம் மணி மாதிரியே கணீர்னு இருந்தா, நாய் குழம்புதோ இல்லையோ, நீங்க குழம்பிடுவீங்க. காலையில தீபாராதனைக்கு யாரோ செயினைத் தூக்கிட்டு ஓடுவார், சாயங்காலம் நிஜமாவே நாய் அடிக்கும்போது "மாமியார் சாமி கும்பிடறாங்க"ன்னு விட்டுடுவார். சலங்கையோட சலசலப்பு இதுக்குத் தோது. சலங்கைக்கு உள்ள உருள்ற மணி கழண்டு வந்து நாய் முழுங்கிடாத அளவுக்கு உறுதியா இருக்கான்னு மட்டும் இழுத்துப் பாத்துக்கங்க.

கத்துக்குடுக்கற முறையில நிறைய பேர் தப்பு பண்றது, நாயோட முன்னங்காலைப் பிடிச்சு மணியில தட்ட வைக்கறது. பாக்க அழகா இருக்கும், ரீல்ஸுக்கு நல்லா வரும், பாடம் மட்டும் ஏறாது. எட்வர்ட் தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர், 1898ல பூனை, நாயை எல்லாம் மரப்பெட்டிக்குள்ள விட்டுப் பாத்தார். உள்ள ஒரு கயிறை இழுத்தாலோ நெம்புகோலைத் தட்டினாலோ கதவு திறக்கும். முதல்ல தற்செயலா தட்டித் திறக்கும், திரும்பத் திரும்ப விட்டா நேரம் குறைஞ்சுகிட்டே வரும். தானா செஞ்சு, அதுக்கு உடனே பலன் கிடைச்சாதான் பாடம் பதியுதுங்கறது அவர் கண்டது. காலைப் பிடிச்சுச் செய்ய வெச்சா கத்துக்குமான்னும் அவர் பாத்தார், பெருசா பிரயோஜனம் இல்லன்னு எழுதினார். அதனால மணி மேல ஒரு சொட்டு தயிரோ கோழி வாசனையோ தடவி விடுங்க, நாயே மூக்கால இடிக்கட்டும். இடிச்ச அந்த நொடியே "ஆங்!"னு சொல்லி ஒரு துண்டு குடுங்க. அது பழகினதும் துண்டை நிறுத்திட்டு, மணி சத்தம் கேட்ட உடனே கதவைத் திறங்க. அப்புறம் வழக்கமா வெளிய கூட்டிட்டுப் போற ஒவ்வொரு தடவையும் கதவுகிட்ட நின்னு, அது இடிச்ச பிறகுதான் தாழ்ப்பாள்ல கை வைக்கணும். இடிச்சதுக்கும் கதவு திறக்கறதுக்கும் நடுவுல செருப்பு தேடறது, சாவி தேடறது எல்லாம் கூடாது. செயினையும் சாவியையும் கதவுப் பக்கத்து ஆணியிலயே மாட்டிடுங்க. பத்து நொடி தள்ளிப்போனாலே எதுக்கு என்ன கிடைச்சுதுங்கற கணக்கு நாய்க்குத் தப்பிடும்.

மணி, நாய்னு ரெண்டு வார்த்தை சேந்தாலே "ஓ, பாவ்லோவ்!"னு ஒருத்தர் கை தூக்குவார். பாவ்லோவோட நாய் மணியைக் கேட்டுச்சு, எச்சில் விட்டுச்சு. நம்ம நாய் மணியை அடிக்குது. கேட்டுட்டு எழுந்து ஓடறது யாருன்னு யோசிச்சா, அந்தக் கதையில நாயோட பாத்திரம் உங்களோடது. நமக்கு இதைவிடப் பொருத்தமான கதை திருவாரூர்ல இருக்கு. கன்னை இழந்த பசு போய் அடிச்ச ஆராய்ச்சி மணி. அந்தக் கதையைச் சொல்லும்போது பசுவுக்கு மணி அடிக்க யார் டிரெயினிங் குடுத்தாங்கன்னு யாரும் கேக்கறது இல்ல. அடிச்சா ராஜா வருவார்ங்கறதுதான் கதையே. உங்க வீட்டு மணியும் அப்படித்தான் வேலை செய்யும், அடிச்சா ஆள் வரணும். ரெண்டு தடவை அடிச்சும் ஆள் வரலன்னா மூணாவது தடவை நாய் ஏன் அடிக்கணும்? பேசாம சோஃபா பக்கம் போயிடும், அதுக்குப் பேர் திமிர் இல்ல.

இப்போ எதிர்க்கட்சி. முதல் ஆட்சேபம், ரொம்ப நியாயமானது: "மணி கட்டினா இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிச்சு ஊர் சுத்தக் கூப்பிடும். நாங்க என்ன அதுக்கு வாட்ச்மேனா?" உண்மைதான், அப்படி ஆகும். ஏன்னா "எனக்கு மூத்திரம் முட்டுது"ன்னு நாய் மணியால சொல்லல, "கதவைத் திற"ன்னு சொல்லுது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு முடிவு பண்றது நீங்க. பூனையைத் துரத்தலாம், பக்கத்து ஃப்ளாட் பீகிளோட விளையாடலாம்னா ஆயிரம் தடவை அடிக்கும், நானா இருந்தாலும் அடிப்பேன். அதனால மணி அடிச்சா கிடைக்கற பயணம் சப்புன்னு இருக்கணும். செயின் மாட்டி, பேச்சு வார்த்தை இல்லாம, எப்பவும் போற அதே மரத்தடி, அதே மண்ணு. அஞ்சு நிமிஷம் மரம் மாதிரி நில்லுங்க. (அந்த அஞ்சு நிமிஷமும் நாய் சுத்திச் சுத்தி இடம் தேடும். பூமியோட காந்தப்புலம் அமைதியா இருக்கற நேரத்துல நாய்ங்க வடக்கு தெற்கா உடம்பை வெச்சு கக்கா போக விரும்புதுன்னு செக், ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 2013ல கட்டுரை எழுதி, அடுத்த வருஷம் சிரிக்க வைக்கற ஆராய்ச்சிக்கான இக் நோபல் பரிசு வாங்கினாங்க. பொழுது போகலன்னா திசைகாட்டி எடுத்துட்டுப் போங்க.) போச்சுன்னா உடனே பாராட்டு, தீனி, அதுக்கப்புறம் ஒரு ரவுண்டு நடை. போகலன்னா திட்டாம நேரா வீடு. போனாதான் ஊர்வலம்னு கொஞ்ச நாள்ல அதுக்கே தெரிஞ்சுடும். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, நாய் உச்சா போன அடுத்த நொடி "முடிஞ்சுது, வா வீட்டுக்கு"ன்னு இழுத்துட்டு வந்துடறாங்க. அடக்கி வெச்சா நடை நீளும்னு நாய் கத்துக்குது, குத்தம் நாய் மேல.

அதே நேரம், மணி அதிகமா அடிக்குதேன்னு கடுப்பாகி கண்டுக்காம விடறது இதைவிட மோசம். பலன் கிடைச்சுட்டு இருந்த ஒரு பழக்கத்துக்குத் திடீர்னு பலனை நிறுத்தினா, அடங்கறதுக்கு முன்னாடி அது ஒரு ஆட்டம் ஆடும், மணியைப் பிச்சு எடுக்கும். அஞ்சாவது தடவை தாங்க முடியாம எழுந்து போனீங்கன்னா, "அஞ்சு தடவை அடிச்சா வருவாங்க"ன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி. எப்பவாவது ஒரு தடவை பலன் கிடைக்கற பழக்கம்தான் லேசுல போகாதுன்னு உளவியல்காரங்க ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957லயே ஒரு தடிப் புத்தகம் போட்டுட்டாங்க. ஒவ்வொரு தடவையும் எழுந்திரிங்க, ஒவ்வொரு தடவையும் சப்புன்னு இருங்க. இதுக்குக் குறுக்கு வழி கிடையாது.

ரெண்டாவது ஆட்சேபம், மணி எதுக்கு, கடிகாரம் போதாதான்னு. இதுல பாதி உண்மை. குட்டிக்குக் கடிகாரம்தான் முதல் வாத்தியார். பொறந்து முதல் மூணு வாரம் தாய் நக்கினாதான் குட்டிக்குப் போகவே வரும், எட்டு வாரம் வாக்குலதான் இந்த இடத்துலதான் போகணுங்கற தேர்வு வருது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல, ஆடி ஓஞ்சதும் கண்டிப்பா போகணும். வயிறு நிறைஞ்சதும் குடல் தானா அசைய ஆரம்பிக்கும், அது உடம்போட இயல்பு. எத்தனை மாசக் குட்டியோ அத்தனை மணி நேரம்தான் பகல்ல தாங்கும்னு டாக்டருங்க தோராயமா ஒரு கணக்கு சொல்லுவாங்க. இந்த நேரத்தை எல்லாம் தவற விட்டுட்டு மணி மட்டும் கட்டினா ஒண்ணும் நடக்காது. ஆனா கடிகாரத்துக்குத் தெரியாத நாள் வரும். வயித்துப்போக்கு வந்த ராத்திரி, உப்பு போட்ட எதையோ தின்னுட்டு ரெண்டு கிண்ணம் தண்ணி குடிச்ச மத்தியானம், ட்ராஃபிக்ல மாட்டி நீங்க லேட்டா வந்த சாயங்காலம். அந்த நாளுக்கு வேற வழி வேணும். இன்னொண்ணு: தடுப்பூசி வரிசை 16 வார வாக்குல முடியற வரைக்கும், பார்வோ வைரஸ் பயத்துல, தெரு நாய்ங்க புழங்கற மண்ணுல குட்டியை விடாதீங்கன்னு டாக்டர் சொல்லுவார். அதுவரைக்கும் மணியை பால்கனிக் கதவுல கட்டுங்க, அங்க ஒரு ட்ரேயில புல்தரையோ மண்ணோ வைங்க. ஹால் நடுவுல நியூஸ்பேப்பர் விரிக்கறது எனக்கு உடன்பாடு இல்லாத விஷயம். வீட்டுக்குள்ள, காலுக்குக் கீழ, பேப்பர் மேல போகலாம்னு மூணு மாசம் பழக்கிட்டு, நாலாவது மாசம் ஞாயித்துக்கிழமை மலர் மேல போச்சுன்னு அடிக்கறது என்ன நியாயம்?

குலைச்சாலே போதுமேன்னு சிலர் கேப்பாங்க. தனி வீட்டுக்குப் போதும். ஃப்ளாட்டுல குலைப்புக்கு ஏகப்பட்ட அர்த்தம்: கொரியர்காரர், காக்கா, லிஃப்ட் சத்தம், பக்கத்து வீட்டு மீன் குழம்பு. அதோட குலைச்சா கதவு திறக்கும்னு பழக்கிட்டா, எதிர்வீட்டுக்காரர் அசோசியேஷன் குரூப்புல பதிவு போட்டுடுவார். சலங்கை அவர் வீடு வரைக்கும் போகாது.

அடிச்சுத் திருத்தற கட்சிக்கு நான் மரியாதையாவே பதில் சொல்லணும்னு பாக்கறேன், முடியல. வீட்டுக்குள்ள போயிட்டா அதுலயே மூக்கைத் தேய்ச்சு விடறாங்களே, அது யாருக்கு என்ன சொல்லித் தருது? "பண்றதைப் பண்ணிட்டு எப்படி முழிக்குது பாருங்க, தப்புன்னு அதுக்கே தெரியுது"ன்னு சாட்சி சொல்லுவாங்க. நியூயார்க்ல பர்னார்ட் கல்லூரி அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல இதை 14 நாய்ங்களை வெச்சு சோதிச்சாங்க. தொடாதன்னு சொன்ன தீனியை நாய் நிஜமாவே தின்னுச்சா இல்லையாங்கறதுக்கும் அந்தக் குத்தவாளி முழிக்கும் சம்பந்தமே இல்ல. வீட்டுக்காரர் திட்டினா அந்த முழி வந்துச்சு, தின்னாத நாயா இருந்தாலும். அதாவது நாய் தன் தப்பைப் பாக்கல, உங்க மூஞ்சியைப் பாக்குது. இதுல கொடுமை என்னன்னா, வெளிய போகணும்னு நாய் சொல்றதே உங்க மூஞ்சியைப் பாத்துதான். அடி வாங்கின நாய், உச்சா வரும்போது உங்க எதிர்ல வராது, கட்டிலுக்கு அடியில போகும். சைகையையே கொன்னுட்டு, சைகை காட்டலன்னு புகார். பயத்துலயே ஒண்ணுக்கு விடற குட்டிங்களும் உண்டு, அதுங்களைத் திட்டினா இன்னும் கொஞ்சம் விடும். துடைக்கற வேலையைக் கத்தாம பண்ணுங்க. பினாயில் வாசனை உங்க மூக்குக்குத்தான் மறைக்கும், நாய்க்கு அடியில இருக்கற பழைய வாசனை அப்படியே தெரியும். கடையில என்சைம் க்ளீனர்னு கேட்டு வாங்கிப் போட்டாதான் அந்த இடம் அதுக்குக் கழிப்பறையா இல்லாம ஆகும்.

பேசற பட்டன் (நாய் மிதிச்சா ஒரு வார்த்தை சொல்லுமே, அது) வாங்கலாமான்னு இப்போ நிறைய பேர் கேக்கறாங்க. அமெரிக்காவுல பேச்சுப் பயிற்சியாளரா இருந்த க்ரிஸ்டினா ஹங்கர் தன் நாய் ஸ்டெல்லாவுக்குப் பழக்கினதுல இருந்து இந்த மோகம். 2024ல ஃபெடரிகோ ரோஸ்ஸானோ குழு செஞ்ச ஆராய்ச்சியில, 'வெளிய', 'விளையாட்டு' மாதிரி வார்த்தைகளை மனுஷன் சொன்னாலும், பட்டன் சொன்னாலும் நாய் அதுக்குத் தகுந்த மாதிரியே நடந்துக்குதுன்னு தெரிஞ்சுது. நல்ல சேதி. ஆனா அது மணியோட வேலையைத்தான் செய்யுது, பேட்டரி போட்டு. ஒரே ஒரு செய்திக்கு ஒரே ஒரு சலங்கை போதும். பட்டன் பத்து வெச்சா அர்த்தமும் பத்தாகும், நீங்க பத்துக்கும் ஒழுங்கா பதில் சொல்லணும். ஒண்ணுக்கே சொல்றது இல்லையே.

நான் முதல்ல தள்ளிப் போட்ட விஷயத்துக்கு வரேன். அப்பா மணி கேட்டா எழுந்து போவார். பையன் "இரு இரு, இந்த கேம் முடியட்டும்"பான். பாட்டி பாவப்பட்டு, "பசிக்குது போல"ன்னு மேரி பிஸ்கட் குடுப்பாங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்க கதவைத் திறந்து விட்டுட்டு மாடிப்படியைப் பெருக்கப் போயிடுவாங்க. ஒரே மணிக்கு நாலு அர்த்தம் ஆச்சு. நாய் இதுல பாட்டியோட அர்த்தத்தைத்தான் எடுத்துக்கும், ஏன்னா அதுல பிஸ்கட் இருக்கு. அப்புறம் மணி அடிக்கும், செயினோட நீங்க வருவீங்க, அது உங்களைத் தாண்டி பாட்டியைத் தேடும். இதைப் பாத்துட்டு "நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராது"ன்னு இனத்து மேல பழி போடறவங்களும் உண்டு. தெருவுல ரோடு கடக்க, டீக்கடைக்காரர் மனசு தெரிஞ்சு வால் ஆட்டக் கத்துக்கிட்ட நாய்க்கு ஒரு சலங்கையை இடிக்க வராதா? வராதது வீட்டுல நாலு பேரும் ஒரே மாதிரி பதில் சொல்றது.

மணி எல்லாத்தையும் தீக்காதுன்னும் சொல்லிடறேன். ஆண் நாய் சுவத்துல கால் தூக்கி அடையாளம் வைக்கறது மூத்திரப்பை நிறைஞ்சதால இல்ல, அதுக்கு மணி அடிக்காது. வருஷக்கணக்கா ஒழுங்கா இருந்த கிழட்டு நாய் திடீர்னு வீட்டுக்குள்ள போக ஆரம்பிச்சா, வயசான மூளையோட தடுமாற்றமா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டணும். ஆனா மணியோட பெரிய உபயோகம் ஒண்ணு உண்டு, அதைப் பத்தி யாரும் பேசறது இல்ல. ஒரு நாளைக்கு நாலு தடவை அடிச்சுட்டு இருந்த நாய் திடீர்னு பத்து தடவை அடிச்சு, ஒவ்வொரு தடவையும் நிஜமாவே கொஞ்சம் கொஞ்சமா போச்சுன்னா அது விளையாட்டு இல்ல. மூத்திரப் பாதையில தொற்றா இருக்கலாம், கல்லா இருக்கலாம். கொஞ்சமா இல்லாம நிறைய நிறையப் போச்சுன்னா சர்க்கரை, சிறுநீரகம், கருத்தடை பண்ணாத பொட்டை நாய்னா கர்ப்பப்பையில சீழ். அரிப்புக்குக் குடுக்கற ஸ்டீராய்டு மாத்திரையாலயும் வரும். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 100 மில்லிக்கு மேல தண்ணி குடிச்சா, அதாவது 20 கிலோ லேப் 2 லிட்டரைத் தாண்டினா, அளந்து எழுதிக்கங்க. அந்த நேரத்துல தொல்லைன்னு மணியைக் கழட்டிடாதீங்க. காலையில போற முதல் உச்சாவைப் பிடிச்சு, சுத்தமான டப்பாவுல ஊத்தி, அன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. பிடிக்கறதுக்கு நீளக் காம்பு வெச்ச குழிக்கரண்டி வசதி. பின்னாடி இருந்து சத்தமில்லாம நீட்டணும், முன்னாடி போய் நின்னா நாய் நிறுத்திடும். அப்புறம் அந்தக் கரண்டி சாம்பார் பக்கம் திரும்பி வராம பாத்துக்கங்க, பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது.